சிங்கப்பூர் ஆபீஸில் சேர்ந்திருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: வெள்ளிக்கிழமைக் கடுதாசி

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து இந்த வருஷம் வேலைக்கு வந்த மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கீங்க. "அண்ணே, ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், ஆனா நான் ஒருத்தன் இருக்கிறதே மேனேஜருக்குத் தெரியல." நான் அங்கே கணக்குப் பிரிவில் 14 வருஷமா இருக்கேன். இப்போ லீவுக்கு வந்து, பள்ளத்தூரில் எங்க வீட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

என் முதல் வருஷ ரிவ்யூவில் மேனேஜர் கேட்டார், "இந்த வருஷம் என்ன செஞ்சீங்க?" "குடுத்த வேலையெல்லாம் முடிச்சேன்"னு சொல்லி நிறுத்திட்டேன். நம்மளைப் பத்தி நாமே பேசக்கூடாதுன்னு சொல்லி வளர்த்த வீடு. அந்த வருஷம் மூணு மாசம் மாதக் கணக்கை ஒத்தை ஆளா முடிச்சிருக்கேன். அதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் ஏறல. கூடச் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கிடைச்சது. அவர் மேல எனக்கு வருத்தமில்ல, அவர் செஞ்சதையெல்லாம் எழுதி வச்சிருந்தார். மேனேஜருக்குக் கீழ 11 பேர். நான் சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த லீவில் ஐயாவோட, அதாவது தாத்தாவோட, பழைய தகரப் பெட்டியைத் திறந்தோம். ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளா, அதாவது உதவியாளரா, இருந்தவர். மூணு வருஷக் கணக்குக்குச் சம்பளச்சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிக்கிட்டுப் போனவர். உள்ளே, முதலாளிக்கு அனுப்பின கடுதாசிகளோட நகல். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். அப்புறம் நேரே விஷயம்: வரவு எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, எந்தக் கடன் நிக்குது. ஒரு தாளில் நெல் விலை இறங்கினதால ரெண்டு பேர் வட்டிக்குத் தவணை கேட்கிறதை எழுதி, அதே வரியிலேயே அறுப்பு முடிஞ்சதும் தான் நேரில் போய்ப் பேசப் போறதையும் எழுதியிருந்தார். மை பழுப்பேறிப் போச்சு, ஆனா ஒரு எழுத்தில்கூட நடுக்கமில்ல. முதலாளி செட்டிநாட்டில், கடை கடலுக்கு அந்தப் பக்கம். கண்ணால பார்க்க முடியாத முதலாளிக்கு ஆள் எப்படின்னு தெரிஞ்சது இந்தத் தாளை வச்சுத்தான். அதை யாரும் தற்பெருமைன்னு சொல்லல. கணக்குக் கொடுக்கிறதுன்னு சொன்னாங்க.

சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (பல பேர் சேர்ந்து கடை வச்சிருந்த கட்டடங்களில்) ஆளுக்கு ஒரு பெட்டியும் ஒரு சின்ன மேசையுமா வரிசையா உட்கார்ந்து தொழில் பார்த்த நகரத்தாரும் இந்தப் பழக்கத்தில் வந்தவங்கதான். 1859-லேயே டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினவங்க. இப்போ அந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நிக்கிற உயரமான கட்டடங்களில் நாம மடிக்கணினியோட உட்கார்ந்திருக்கோம்.

அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. மேனேஜருக்கு அஞ்சு வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். நான் எழுதினதில் ஒண்ணைத் தமிழில் சொல்றேன்: "மாதக் கணக்கு 6 நாளுக்குப் பதிலா 4 நாளில் முடிஞ்சது. வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்ததில் 3 பதிவு சேரவில்லை, 2 சரியாகிவிட்டன. மூன்றாவதுக்கு வங்கியின் பதில் வரவேண்டும், செவ்வாய்க்கிழமை திரும்பக் கேட்பேன். அடுத்த வாரம் வரிக் கணக்கைத் தொடங்குகிறேன். அதற்கு உங்கள் ஒப்புதல் திங்கட்கிழமைக்குள் வேண்டும்." இதில் "கடுமையாக உழைத்தேன்"னு எங்கேயும் இல்ல பாருங்க. எண் இருக்கு, நிக்கிற வேலை இருக்கு, அதுக்கு என்ன செய்யப் போறோம்னு இருக்கு. நிக்கிற வேலையை மறைக்காதீங்க. நான் முதல் மாசம் நல்லதை மட்டும் எழுதினேன், மேனேஜர் படிச்சாரான்னே தெரியல. சிக்கலைச் சேர்த்து எழுதின வாரம்தான் அவரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

இதையே உங்க சொந்த நோட்டிலும் ஒரு பேரேடு மாதிரி ஏத்தி வைங்க. வாடிக்கையாளர் பேர், கம்பெனி ரகசியம் எதுவும் வேண்டாம். தேதி, செஞ்ச வேலை, அதனால மிச்சமான நேரம் அல்லது பணம், அது போதும். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ஐந்தொகை (வருஷக் கடைசியில் வரவு, கடன் எல்லாத்தையும் சேர்த்துக் காட்டுற தாள்) போடுற மாதிரி ஒரு பக்கமா எடுத்தீங்கன்னா, சம்பள உயர்வு கேட்கும்போது குரல் தடுமாறாது.

இன்னொண்ணு, எல்லாத்துக்கும் "சரி" சொல்றது. நாம மரியாதைக்குத் தலையாட்டுவோம், அவங்க அதை வாக்குறுதின்னு எடுத்துக்குவாங்க. "முடியும், ஆனா புதன்கிழமைதான் கிடைக்கும். திங்களே வேணும்னா இந்த ரிப்போர்ட்டைத் தள்ளி வைக்கணும், எது முதல்ல?"ன்னு கேளுங்க. அங்கே யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. இதைப் பழகாம நான் ரெண்டு வருஷம் ராத்திரிச் சாப்பாட்டை ஆபீஸில் சாப்பிட்டேன், அது உங்களுக்கு வேண்டாம்.

காகித விஷயம் சுருக்கமா. வேலை நிபந்தனைகளை எழுத்தில், சேர்ந்த 14 நாளுக்குள் கம்பெனி தரணும். வரலைன்னா கேளுங்க. எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை அனுமதி) இருக்கிறவங்களுக்கு மத்திய சேமநிதி (நம்ம ஊர் பி.எஃப். மாதிரி) கிடையாது, வருமான வரியும் மாசாமாசம் பிடிக்க மாட்டாங்க. அதுக்குத் தனியா எடுத்து வைங்க, சேமிப்பும் நாமதான் செய்யணும். பாஸ் அந்தக் கம்பெனியோட கட்டுண்டது. வேற இடம் பிடிச்சா புதுக் கம்பெனி புதுசா விண்ணப்பிக்கணும், அது கிடைக்கிறதுக்கு முன்னாடி ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீங்க. விலகும்போது வரி தீர்க்கிறதுக்காகக் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பாங்க. முறைப்படி நடக்கிறதுதான், பயப்பட வேண்டாம், ஆனா ஒரு மாசச் செலவுக்குக் கையில் காசு இருக்கணும்.

இந்த வெள்ளிக்கிழமை நீங்க எழுதுற முதல் அஞ்சு வரியை, பேரெல்லாம் எடுத்துட்டு, இங்கே போடுங்க. 20-ஆம் தேதி வரைக்கும் ஊரில்தான் இருப்பேன். சாயங்காலம் அப்பத்தா பணியாரம் ஊத்தி முடிச்சதும் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்துத் திருத்திச் சொல்றேன்.