பட்டுப்புழு செட்டில் முதல் பத்துக் கருவி வைத்த அனுபவம்

பென்னாகரம்ரோடு:
பட்டுப்புழு வளர்க்கற செட்டுக்குள்ள வெப்பமும் ஈரப்பதமும் அளந்து போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் பெட்டி. நானும் நண்பனும் செஞ்சோம். மேஜை மேல மூணு மாசம் நல்லா ஓடுச்சு. ஒரு பேட்ச், அதாவது முட்டையிலேருந்து கூடு கட்டற வரைக்கும், முழுசா செட்டில் வெச்சுப் பார்க்காமலே பாலக்கோடு பக்கம் பத்துப் பேருக்குக் கொடுத்துட்டோம்.

பிளீச்சிங் பவுடர் போட்டு செட் கழுவறது, தோலுரிப்புல சுண்ணாம்புத் தூள் தூவறது எல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்க பெட்டியில காத்து போக ஓட்டை விட்டிருந்தோம்.

ஐந்தாம் பருவத்துல, அதாவது புழு கூடு கட்டறதுக்கு முந்தின கடைசிக் கட்டத்துல, பெட்டி வாங்கின ஒரு அண்ணன் கூப்பிட்டார். போனா, புழு ஊதிக் கிடக்கு, தொட்டா பால் மாதிரி வடியுது. வெளிய அடைமழை, சுவரெல்லாம் ஈரம். பெட்டி மட்டும் 70 சதவீதம்னு காட்டுது. நாலு நாளா அதே 70. அந்தப் பருவத்துக்கு அதுதான் சரியான அளவு, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. "ஜன்னலைத் திறக்கலாம்னு நினைச்சேன் தம்பி, உங்க மிஷின் சரின்னுச்சு"ன்னார். கழட்டினா, ஓட்டை வழியா பவுடரும் ஈரமும் புகுந்து உள்ள செம்பெல்லாம் பச்சை பூத்திருக்கு. அவர் கேட்டது ஒண்ணுதான்: "அடுத்த பேட்ச்சுக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?"

இப்படிப் பால் வடியற பால்புழு நோய் வைரஸால வர்றது, நம்மால வரலன்னு நண்பன் சொல்றான். எனக்கு மனசு கேக்கல. மிச்ச ஒன்பதையும் அன்னைக்கே கழட்டிட்டோம்.

காவேரிப்பட்டணம்_மா:
கழட்டினது தப்புங்க. பெங்களூரா மாம்பழ ஸ்குவாஷுக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமத்தோட 14 இலக்க எண் வர்றதுக்கு முன்னாடியே 5000 லேபிள் அடிச்சேன். ராத்திரி பூரா அம்மாவும் நானும் ஒவ்வொண்ணா எண் ஒட்டினோம். ஆனா சீசனை விடல. விட்டிருந்தா ஒரு வருஷம் போயிருக்கும்.

மாரண்டஹள்ளி:
லேபிள் தப்புனா ஸ்டிக்கர் ஒட்டலாம். புழு செத்தா? எங்க வீட்டுல ஒரு பேட்ச் போய், வட்டிக் கடனை அடைக்க அப்பா மாட்டை வித்தார். கழட்டினதுதான் சரி.

ஒண்ணு சொல்றேன். சர்க்யூட் மேல பூச்சு அடிங்க, சென்சார் மேல மட்டும் படக்கூடாது; அதுக்கு டெஃப்லான் வடிகட்டி மூடி தனியா வருது. ராத்திரியும் பகலும் ஈரப்பதம் ஒரே அளவுல நிக்கவே நிக்காது. சில மணி நேரம் எண் அசையலன்னா "பழுது"ன்னு எஸ்எம்எஸ் போகணும், எண் போகக் கூடாது. கருவி பக்கத்துலயே ஈரப்பதம் பார்க்கற ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானியும் தொங்கட்டும், ரெண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்க. முதல் பேட்ச் உங்க சொந்தச் செலவுல, உங்க புழுவுல பாருங்க. முட்டைத் தொகுதி (ஒரு அந்துப்பூச்சி இட்ட முட்டை ஒரு தொகுதி) ஐம்பது போதும்.

பென்னாகரம்ரோடு:
அண்ணா, எழுதி வெச்சுக்கிட்டேன். அந்த அண்ணன் அடுத்த பேட்ச்சுக்கு முட்டை சொல்லிட்டாராம். நேத்து ரெண்டு தடவை கூப்பிட்டார். இன்னும் போனை எடுக்கல.