ஆறாமீன் தேடிய கூதிர்கால இரவுகள்

திருச்சியிலிருந்து:

எனக்கு அப்போது ஒன்பது வயது. கார்த்திகை தீபத்தன்று அகல் வைத்து முடித்த கையோடு அப்பாயி என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். கிழக்கே முழுநிலா. அதன் பக்கத்தில்தான் ஆறாமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரக் கொத்து, இருக்கும் என்றார். நிலா வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இன்றைக்குத் தெரியாது கண்ணு, தேய்பிறை வரட்டும்" என்றார்.

பத்து நாள் கழித்து விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பினார். மழை விட்டு, வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. மேற்கே தென்னை மட்டைகளுக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் கோலமாவைக் கிள்ளிப் போட்டதுபோல ஒரு சிறு கொத்து. எண்ணச் சொன்னார். ஆறு. கண்ணைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தால் ஏழாவதும் மின்னி மறைந்தது. சொன்னேன்.

"ஏழாமவள் அங்கே இல்லை, திரும்பிப் பார்" என்று என் தோளைப் பிடித்து வடகிழக்கே திருப்பினார். சப்தரிஷி மண்டலம் ஏறிக்கொண்டிருந்தது. வசிட்டரை ஒட்டி, மங்கலாக அருந்ததி.

ஏழு முனிவர்களின் மனைவியர் ஏழு பேர். ஆறு பேர்மீது வீண்பழி விழுந்தது, கணவன்மார் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த ஆறு பேர்தான் முருகனுக்குப் பால் கொடுத்து வளர்த்த கார்த்திகைப் பெண்கள். அப்பாயி சொன்ன கதை இது. கதை நடந்த இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்: தள்ளிவைக்கப்பட்டவர்கள் வானத்தின் ஒரு கோடியில், கணவரோடு இருப்பவள் மறுகோடியில். "கல்யாணத்தில் அவளைத்தான் காட்டுகிறார்கள். இவர்களுக்கு நாம்தானே விளக்கு வைக்க வேண்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. ஏன் என்று கேட்கும் வயது எனக்கு வரும்முன் அவர் போய்விட்டார்.

கல்லூரியில் அகநானூற்றின் 141ஆம் பாட்டைப் படித்த அன்று எனக்கு வகுப்பில் இருப்பே கொள்ளவில்லை. முயல் மறு விளங்க நிலா நிறைந்து அறுமீனைச் சேரும் இரவில் தெருவெல்லாம் விளக்கு வைத்ததை நக்கீரர் பாடியிருக்கிறார். அப்பாயிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது.

ஜெர்மனியிலிருந்து:

ஆறா ஏழா என்றதும் எனக்கு ஹாலே நகர அருங்காட்சியகம் நினைவுக்கு வந்தது, அக்கா. ஓர் அக்டோபர் மாதம் அங்கே நெப்ரா வான்தகட்டைப் பார்த்தேன். சுமார் 3600 ஆண்டுப் பழமையான வெண்கலத் தகடு. 1999இல் புதையல் தேடிகள் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தது. 32 சென்டிமீட்டர் குறுக்களவு, நம் வீட்டுத் தாம்பாளம் அளவுதான். பாசிப்பச்சை ஏறிய வட்டத்தில் பொன்னாலான பிறை, சிதறிய பொற்பொட்டுகள். ஏழு பொட்டுகள் மட்டும் நெருக்கமாக: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. அதைக் கார்த்திகை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நான் தமிழில் எண்ணிக்கொண்டு நின்றேன்.

பாஸ்டனிலிருந்து:

உங்கள் அப்பாயி மாடி ஏறியதைப் படித்ததும் மரியா மிட்செலை நினைத்தேன். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் நூலகராக இருந்தவர் அவர். 1847 அக்டோபர் 1 அன்று வீட்டில் விருந்து. விருந்தினர்களை விட்டுவிட்டு, தந்தை வேலை பார்த்த வங்கியின் கூரைக்கு ஏறித் தொலைநோக்கியில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். ரோமில் ஒருவர் இரண்டு நாள் பிந்தி அதையே பார்த்தார். டென்மார்க் அரசரின் தங்கப் பதக்கம் மிட்செலுக்குத்தான் கிடைத்தது. 1865இல் வாசர் கல்லூரியில் வானியல் பேராசிரியரானார். அந்த வங்கியின் செங்கல் கட்டடம் இன்றும் இருக்கிறது. போன இலையுதிர்காலத்தில் எதிர்ப்புற நடைபாதையில் நின்று, கழுத்து வலிக்கும்வரை அதன் கூரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

திருச்சியிலிருந்து:

இன்று விடியற்காலை என் மகளை எழுப்பி மாடிக்கு அழைத்துப் போனேன். எட்டு என்று சாதிக்கிறாள்.