எட்டு வயதுப் பையனுக்கு மேனேஜர்: 45,000 ரூபாய் கட்டலாமா?

திண்டுக்கல் கவிதா:

என் பையனுக்கு எட்டு வயது. பள்ளி ஆண்டு விழாவில் பாட்டி வேஷம் கட்டி அவன் பேசியதை இன்ஸ்டாகிராமில் போட்டேன், கொஞ்சம் பரவிவிட்டது. அடுத்த வாரமே சென்னை சாலிகிராமத்திலிருந்து போன். நடிகர்களுக்கு வாய்ப்புப் பிடித்துத் தரும் ஆர்ட்டிஸ்ட் மேனேஜராம். நேரில் போனோம். மாடியில் ஒரே அறை, சுவர் முழுக்க நடிகர்களோடு அவர் நிற்கும் போட்டோக்கள். பையனைப் பத்து நிமிடம் பேசவிட்டுக் கேட்டார். "இவனுக்குக் கண்ணு பேசுது மேடம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போர்ட்ஃபோலியோ ஷூட்டுக்கு, அதாவது வாய்ப்புக் கேட்கக் காட்டும் போட்டோ ஆல்பத்துக்கு, 45,000. மூன்று வருட ஒப்பந்தம். எந்த வழியில் வாய்ப்பு வந்தாலும் 30 சதவீதம் அவருக்கு. சம்பளம் முதலில் அவர் கணக்குக்குப் போய், பிடித்தம் போக எங்களுக்கு வரும். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டும் வேண்டுமாம். ஒரு பெரிய படத்தில் குழந்தை வேஷம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்கிறார்.

வீட்டுக்காரர் சுத்தமாக வேண்டாம் என்கிறார். நான் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

உதவி இயக்குநர்:

வளையலைக் கழற்றாதீர்கள் மேடம். குழந்தைகளைத் தேடும்போது நாங்கள் ஆல்பம் பார்ப்பதில்லை. போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவும், மேக்கப் இல்லாத இரண்டு மூன்று போட்டோவும்தான் எங்கள் வாட்ஸாப்பில் சுற்றும். அதுவும் எட்டு வயதுப் பையன். ஆறு மாதத்தில் பல் விழுந்து, முளைத்து முகமே வேறாகிவிடும். 45,000 ரூபாய் ஆல்பம் அப்போது எதற்கு?

அந்தப் படத்தின் பெயரையும் டைரக்டர் பெயரையும் கேட்டீர்களா? கேட்டால் "இன்னும் அனௌன்ஸ் பண்ணல" என்பார். நிஜமாகவே அப்படியும் இருக்கும், அதுதான் வம்பு. ஆனால் ஆடிஷனுக்குக் கூப்பிடும் கம்பெனி உங்களிடம் பணம் கேட்காது.

வடபழனி மாலா:

கவிதா, நான் பதினான்கு வருடமாக சீரியலில் இருக்கிறேன். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம் செய்தாயிற்று. ஆரம்பத்தில் எனக்கு, ஷூட்டிங்குக்கு ஆள் கூட்டிப்போகும் கோஆர்டினேட்டர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார்.

ஷூட்டிங் முடிந்து சம்பள வவுச்சரில் கையெழுத்து வாங்கும்போது அட்டையை அவரே பிடித்துக்கொள்வார். உள்ளங்கை எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். இருட்டிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நானும் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒருநாள் தும்மினார். கை நகர்ந்தது. எட்டாயிரம் என்று எழுதியிருந்தது. என் கையில் அவர் கொடுத்தது 2,500.

இரண்டு வருடம் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சண்டை போட்டேன், அழுதேன். "உன்ன யாருக்குத் தெரியும், நான்தானே கூட்டிட்டு வந்தேன்" என்றார். அதிலும் பாதி உண்மை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்காக மேனேஜரே கூடாது என்று சொல்லமாட்டேன். இப்போது ஒருவர் இருக்கிறார், பத்து சதவீதம் வாங்குகிறார். ஏழு மாதம் இழுத்தடித்த ஒரு பேமென்ட்டை நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் பணம் என் கணக்குக்கு வரும், அவர் பங்கை நான் அனுப்புவேன். உங்கள் ஆளிடம் 30 சதவீதத்தைவிட எனக்குப் பயம், சம்பளம் அவர் கணக்குக்குப் போகும் என்ற அந்த ஒரு வரிதான். கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்றே உங்களுக்குத் தெரியாது. எதில் 30 என்று கணக்குப் பார்ப்பீர்கள்?

பாஸ்வேர்டு கொடுக்கவே கொடுக்காதீர்கள். நாளைக்குப் பிரிந்தால் பையனைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவர் கையில்.

சட்டம் படித்தவன்:

மாலா அக்கா சொன்னதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல் செய்த திருத்தத்தின்படி, குழந்தையின் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நேரடியாக நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரிடம் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒப்பந்தம். 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே, அன்றைக்கு நமக்கு உச்ச நீதிமன்றம் போலிருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. "அப்ப நமக்கு நல்லதுதானே" என்று நினைக்காதீர்கள். 1949-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ராஜ் ராணி என்ற சிறுமிக்காக அவள் அப்பா, தயாரிப்பாளர் பிரேம் அதிப்போடு ஒப்பந்தம் போட்டிருந்தார் (ராமர் வேஷத்துக்குப் பேர்போன நடிகர் அவர்). வேலையை விட்டு நிறுத்தியதும் பெண் தரப்பில் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தமே செல்லாது என்று வழக்கு தோற்றது. அதாவது குழந்தைக்காகப் போடும் காகிதம் சில சமயம் குழந்தையின் காலையே வாரிவிடும். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீல் கண்ணில் காட்டுங்கள், அந்தக் கட்டணம் 45,000 ஆகாது.

திண்டுக்கல் கவிதா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவருக்கு மெசேஜ் போட்டேன்: போட்டோ செலவை முதல் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள், சம்பளம் பையன் கணக்குக்கே வரட்டும், உங்கள் பங்கை அன்றே அனுப்பிவிடுகிறேன் என்று. இரண்டு நீல டிக் விழுந்தது. வெள்ளிக்கிழமையும் போய்விட்டது, பதில் இல்லை.

மாலா அக்கா, போட்டோ எப்படி எடுப்பது?

வடபழனி மாலா:

காலை எட்டு மணிக்கு ஜன்னல் ஓரமாக நிற்க வை. டிசைன் இல்லாத ஒரே கலர் சட்டை, பவுடர் வேண்டாம். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கால் தெரிய ஒன்று. வயதும் உயரமும் எழுது, எந்தப் பள்ளி என்று மட்டும் எழுதாதே. அந்தப் பாட்டி வசனத்தையும் ஒரு தடவை பேசவைத்து எடு. எனக்குப் பார்க்க வேண்டும்.