போர் 1775-ல், புத்தகம் 1776-ல்: 'காமன் சென்ஸ்' அப்படி என்ன செய்தது?

தென்னங்கீற்று:

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசுவோம். அடுத்த வாரம் என் முறை. அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். படிக்கும்போது ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன். லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல் 19. விடுதலை வேண்டும் என்று வாதாடிய தாமஸ் பெய்னின் 'காமன் சென்ஸ்' என்ற குறுநூல் வெளிவந்தது 1776 ஜனவரி 10. சண்டை தொடங்கி கிட்டத்தட்ட ஒன்பது மாதம் ஆன பிறகுதான் புத்தகமே வருகிறது. அப்படியிருக்க, அந்தப் புத்தகம்தான் மக்களை விடுதலைப் பக்கம் திருப்பியது என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அது எப்படி? இன்னொன்று: 1,20,000 பிரதி விற்றது என்று ஓர் இடத்திலும், ஐந்து லட்சம் என்று வேறோர் இடத்திலும் பார்த்தேன். எதை நம்பிச் சொல்வது?

ஈய எழுத்து:

தம்பி, நான் 31 வருஷம் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துக் கோப்பவனாக இருந்தவன். வரலாறு கல்லூரியில் படித்தவன் இல்லை. ஆனால் பழைய குறுநூல் எது கிடைத்தாலும் விடமாட்டேன். முதலில் அச்சிட்டவர் யார் என்றுதான் பார்ப்பேன். அந்தக் கண்ணோடு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சண்டை தொடங்கிவிட்டது, சரி. எதற்காகச் சண்டை என்பது முடிவாகவில்லை. 1775 ஜூலையில்கூட, பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸ், அதாவது காலனிகளின் பிரதிநிதிகள் சபை, மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பியது. பார்லிமென்ட் அநியாயம் செய்கிறது, மந்திரிகள் கெட்டவர்கள், ஆனால் ராஜா நம்மைக் கைவிட மாட்டார் என்ற நினைப்பு அப்போதும் பலரிடம் இருந்தது. பெய்ன் கை வைத்தது அந்த நினைப்பில்தான். ராஜா என்ற பதவியே எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பைபிளில் சாமுவேலிடம் போய் இஸ்ரவேலர் ராஜா வேண்டும் என்று கேட்ட கதையை எடுத்துக்கொண்டு, அது கடவுளுக்கே பிடிக்காத காரியம் என்று வாதாடினார். ஒரு தீவு ஒரு கண்டத்தை ஆள்வது இயற்கைக்கே பொருந்தாது என்றார். காலனிக்காரர்கள் கலகம் செய்கிறார்கள் என்று மன்னர் லண்டனில் பேசிய பேச்சும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தது. இதைவிடப் பொருத்தமான வேளை வாய்த்திருக்காது.

அதற்கு முன்னும் பத்து வருஷமாகக் குறுநூல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 1765-ல் முத்திரைச் சட்டம் வந்தது. செய்தித்தாள், குறுநூல், பஞ்சாங்கம், பத்திரம் எல்லாவற்றுக்கும் வரி. பத்திரிகையில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இரண்டு ஷில்லிங். யோசித்துப் பாருங்கள், அச்சகக்காரன் வயிற்றிலேயே அடித்தார்கள். பென்சில்வேனியா ஜர்னல் அச்சிட்ட வில்லியம் பிராட்ஃபோர்டு, சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முதல் நாள், முதல் பக்கத்தைக் கல்லறைக் கல் மாதிரி கறுப்புக் கட்டம் போட்டு, மண்டையோடு வைத்து வெளியிட்டார். அந்தப் பக்கத்தின் படம் பார்த்திருக்கிறேன். கறுப்பு ரூல் கட்டி நானும் எத்தனையோ இரங்கல் நோட்டீஸ் கோத்திருக்கிறேன். ஒரு பத்திரிகையே தனக்கு அப்படிப் போட்டுக்கொண்டதைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது.

1767-ல் அடுத்த வரி. கண்ணாடி, ஈயம், பெயின்ட், தேயிலை, அவற்றோடு காகிதமும். அதை எதிர்த்து ஜான் டிக்கின்சன் ஒரு விவசாயி எழுதுவதுபோல் 12 கடிதங்கள் எழுதினார். உண்மையில் அவர் வக்கீல். காலனிகளின் பத்திரிகைகள் பலவும் அவற்றை வாங்கி மறுபடி போட்டன. ஆனால் அவர் மரியாதை மீறாத மனிதர். 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனத்தில் அவர் கையெழுத்துப் போடவே இல்லை. பத்து வருஷம் எழுதியவர்களில் பலர் அந்தப் படியில் நின்றுவிட்டார்கள். நேற்று வந்த பெய்ன் தாண்டிவிட்டார்.

ஆமாம், நேற்று வந்தவர்தான். இங்கிலாந்தில் கலால் வரி வேலையை இழந்து, பெஞ்சமின் ஃப்ராங்க்ளினின் அறிமுகக் கடிதத்தோடு 1774 நவம்பர் கடைசியில் பிலடெல்பியாவில் இறங்கினார். கப்பலிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள், அவ்வளவு காய்ச்சல். புத்தகத்துக்கு அவர் வைக்க நினைத்த பெயர் வேறு. 'காமன் சென்ஸ்' என்று வைக்கச் சொன்னவர் மருத்துவர் பெஞ்சமின் ரஷ். அச்சிடத் துணிந்த ராபர்ட் பெல்லைக் காட்டியதும் அவரே.

மற்றவர்கள் எழுத்தில் பக்கத்துக்கு நாலு லத்தீன் மேற்கோள் இருக்கும். பெய்ன் எழுத்தில் அது கிடையாது. ஒருவர் வாசிக்க பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேருக்கும் புரியும். மதுக்கடையிலும் பட்டாளத்து முகாமிலும் வாசித்தது அதனால்தான்.

இனி உங்கள் எண்ணிக்கை. முதல் அச்சு 1,000 பிரதி, விலை இரண்டு ஷில்லிங். ஒரு பிரதிக்கு ஐந்து ஃபாரம், அதாவது மடித்துப் பக்கங்களாக்கும் ஐந்து பெரிய தாள் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் அடிக்க, ஆயிரம் பிரதிக்கு 10,000 அழுத்து. கையால் இழுக்கும் மர அச்சில் இரண்டு ஆள் சேர்ந்தால் மணிக்கு 200 ஓடும். ஆக 50 மணி நேரம், ஒரு அச்சுக்கு ஒரு வாரத்து வேலை. இதே கணக்கில் 1,20,000 பிரதிக்கு 6,000 மணி நேரம். பல ஊர்களில் பல அச்சகங்கள் போட்டன, ஜெர்மன் மொழியிலும் பிலடெல்பியாவில் வந்தது, அதனால் நேரம்கூடச் சமாளிக்கலாம். காகிதத்துக்கு எங்கே போவது? கந்தல் துணியைக் கூழாக்கித்தான் அப்போது காகிதம் செய்தார்கள், அதுவும் போர்க்காலத்தில். 1,20,000 என்பது பெய்ன் தானே சொன்ன எண். இன்றைய ஆய்வாளர்கள் அதை மிகை என்கிறார்கள், என் கணக்கும் அதையே சொல்கிறது. ஐந்து லட்சத்தை விட்டுவிடுங்கள். மொத்தக் காலனிகளின் மக்கள்தொகையே சுமார் 25 லட்சம்தான்.

இவ்வளவு பரவியதற்கு முக்கியக் காரணம், யார் வேண்டுமானாலும் எழுத்துக் கோத்து அச்சிட முடிந்ததுதான். பெல்லுக்கும் பெய்னுக்கும் லாபத்தில் தகராறு. பெய்ன் தன் பங்கைக் கியூபெக் போன வீரர்களுக்குக் கையுறை வாங்க ஒதுக்கியிருந்தார், பெல்லோ லாபமே இல்லை என்றார். பெய்ன் புதுப் பகுதிகள் சேர்த்து, பாதி விலைக்கு விற்கும்படி பிராட்ஃபோர்டிடம் அச்சிடக் கொடுத்தார். பெல்லும் நிறுத்தாமல் தன் பதிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். எழுதியவருக்கு அதில் காசு எதுவும் தங்கவில்லை.

சாக்பீஸ்:

ஐயா சொன்ன கணக்கை என் வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன். ஆனால் தென்னங்கீற்று, ஒரே ஒரு புத்தகத்தோடு உங்கள் பேச்சை முடித்துவிடாதீர்கள். இன்னொரு தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1775-ல் வர்ஜீனியாவின் அரச ஆளுநர் டன்மோர் பிரபு நார்ஃபோக் ஊரில் எதிர்ப்பாளர் ஒருவரின் அச்சகத்தைப் பறித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அதே அச்சில் நவம்பரில் ஒரு தாள் அடித்தார். கலகக்காரர்களுக்குச் சொந்தமான அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று அதில் இருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடி அவரிடம் போனார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தே தெரியாது. வாய்வழியாகப் பரவிய செய்தி. அதே தாள் தெற்கத்தித் தோட்ட முதலாளிகளை வெகுண்டெழ வைத்து, மன்னரோடு இனி ஒட்டே வேண்டாம் என்ற பக்கம் தள்ளியது. 'காமன் சென்ஸ்' வருவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. காலனிகளில் ஐந்தில் ஒருவர் அடிமை. விடுதலை என்ற சொல்லை அவர்கள் எந்தத் தாளில் கேட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை எனக்கு நிறைவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1776 மார்ச்சில் நியூயார்க்கில் சாமுவேல் லவுடன் என்ற அச்சகக்காரர் பெய்னுக்கு எதிரான ஒரு குறுநூலை அச்சிட்டார். கூட்டம் உள்ளே புகுந்து பிரதிகளை எடுத்துப்போய் எரித்தது. எழுத்தால் எழுந்தவர்களே எதிர் எழுத்தை எரித்தார்கள். அதையும் சொல்லுங்கள்.

தென்னங்கீற்று:

இருவருக்கும் நன்றி. டன்மோர் தாளைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை, பேச்சின் நடுவிலேயே வைத்துக்கொள்கிறேன். ஐயா, முடிவில் பிரகடனம் எப்படி மக்களிடம் போனது என்று ஒரு வரி சொல்ல முடியுமா?

ஈய எழுத்து:

லவுடன் விஷயம் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேதனைதான், டீச்சர். கோத்தவன் கை எனக்குத் தெரியும்.

தம்பி, 1776 ஜூலை 4 இரவு பிலடெல்பியாவில் ஜான் டன்லப் அச்சிட்டார், ஒரே தாள், ஏறக்குறைய 200 பிரதி. குதிரையில் ஊர் ஊராகப் போனது. ஜூலை 9 அன்று நியூயார்க்கில் வாஷிங்டனின் படைகளுக்கு அதை வாசித்தார்கள். அன்று மாலையே கூட்டம் போய் மன்னரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. தங்கப்பூச்சுப் பூசிய ஈயச் சிலை அது. துண்டு துண்டாக கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோய் உருக்கி 42,088 துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தார்கள். ஈயத்தோடு 31 வருஷம் இருந்தவன் என்பதால் அந்த எண் எனக்கு மறப்பதே இல்லை.