ஓட்டல் என்று போர்டு, உள்ளே பீர் பார்லர்: கனடா சின்ன ஊர்களில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஆல்பர்ட்டா மாகாணத்தில் கால்கரியில் இருக்கிறேன். நமக்கு ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம், தங்குவதற்கு லாட்ஜ். அந்த நினைப்பில்தான் சில வருடங்களுக்கு முன் வெய்ன் என்ற ஊருக்குப் பசியோடு போனேன். பக்கத்து ஊரான டிரம்ஹெல்லரில் மியூசியத்தில் பிள்ளைகளுக்கு டைனோசர் காட்டிவிட்டு, ஒரு சின்னச் சாலையில் திரும்பினால் ரோஸ்பட் ஆற்றை 11 பாலங்களில் மாறி மாறிக் கடக்க வேண்டியிருந்தது. என் மகன் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தான். கடைசியில் ஒரு மர ஓட்டல், ரோஸ்டீர். 1913இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்த ஊரில் இன்று சில வீடுகள்தான் மிச்சம். சுரங்கம் போய்விட்டது, கீழே இருக்கும் பார் மட்டும் போகவில்லை.

ஊறுகாய் போடும் மாதிரிக் கண்ணாடி ஜாடியில் பீர் வந்தது. சுவரில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளைக் காட்டினார்கள். மேல் மாடியில் பேய் என்றார்கள். நான் பேயைப் பார்க்கவில்லை, கைகழுவும் இடத்தில் வெந்நீர் வராததைத்தான் பார்த்தேன்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான்: இவ்வளவு சின்ன ஊரில் மாடியில் இத்தனை அறைகள் யாருக்கு? யாருக்காவது தெரியுமா?

சஸ்காச்சுவானிலிருந்து, லாரி ஓட்டுகிறேன்:

அறைகள் லைசென்ஸுக்கு, அண்ணா. பீர் பார்லர் வைக்கும் உரிமையை ஓட்டலுக்குத்தான் கொடுத்தார்கள். தங்க வருபவர்களின் காசில் ஓட்டல் நடக்கவில்லை, பீரில்தான் நடந்தது. இங்கே 1915 ஜூலையில் பார்களை மூடினார்கள். வருமானம் போனதும் பல ஓட்டல்கள் தள்ளாடிவிட்டன. பீர் பார்லர் திரும்ப வந்தது 1935இல். நடுவில் 20 வருடம்!

பனிப்புயலில் மாட்டிக்கொண்டு அப்படி ஒரு ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கினேன், பெயர் வேண்டாம். ஹீட்டர் விடிய விடிய டொக் டொக் என்று தட்டியது, வந்த சூடு கொஞ்சம். தூக்கம் வராமல் கீழே இறங்கினேன். பக்கத்து மேஜையில் ஒரு வயதான விவசாயி பீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுப் பழைய கதை சொன்னார். அந்தக் காலத்தில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கக் கூடாதாம். அடுத்த மேஜையில் நண்பன் இருந்தால் நீ போகலாம், உன் கிளாஸை வெயிட்டர்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பாட்டு கூடாது, ஆட்டம் கூடாது. மேஜைக்கு மேல் குளியல் துண்டு மாதிரி ஒரு துணி விரித்திருப்பார்களாம், சிந்தினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். வந்தாயா, உட்கார்ந்தாயா, குடித்தாயா, கிளம்பு. குடிப்பவன் சந்தோஷமாக இருந்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் டாஸ்மாக் பார் ஞாபகம் வந்தது, அங்கே சட்டம் இல்லாமலேயே அப்படித்தான்.

எட்மன்டனிலிருந்து:

நீங்கள் எல்லாம் ஆண்கள், ஒரு வாசல் போதும். நான் பார்த்த பழைய ஓட்டல் ஒன்றில் தெருப்பக்கம் இரண்டு வாசல். எதற்கு என்று தெரியாமல் சின்ன வாசலைத் தள்ளிப் பார்த்தேன், ஆணி அடித்து மூடியிருந்தது. அது பெண்களுக்கானது என்று கூட வந்த சிநேகிதி சொன்னாள். எட்மன்டனிலும் கால்கரியிலும் 1928இலிருந்து 1967 வரை ஆணும் பெண்ணும் ஒரே பார்லரில் உட்காரக் கூடாது. கட்டிய கணவனாக இருந்தாலும் சரி. என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். "நல்ல சட்டம்தானே" என்றார். அப்புறம் என்ன பேசுவது.

மறுபடி கால்கரி:

தம்பிக்கு நன்றி, அறைக் கணக்கு இப்போது புரிகிறது. 20 வருடம் பார் இல்லை என்றதும் பிளேர்மோர் ஞாபகம் வந்தது. ராக்கி மலை ஓரம், க்ரோஸ்நெஸ்ட் கணவாயில் இருக்கும் ஊர். அங்கே இருந்த ஆல்பர்ட்டா ஓட்டலை 1918இல் வாங்கியவர் எமிலியோ பிக்காரியெல்லோ, இத்தாலியிலிருந்து வந்தவர். முன்பு காலி பாட்டில் சேகரித்து விற்றவர். ஆல்பர்ட்டாவில் 1916இலிருந்து மதுவிலக்கு. ஓட்டலில் பெயருக்கு ஒரு சப்பென்ற பீர்தான் விற்கலாம். மனிதர் மலைக்கு அந்தப்பக்கம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து காரில் சரக்குக் கடத்தினார். கணவாயில் பாதிப் பேருக்கு அவர்தான் படியளந்தவர், ஏழைக் குடும்பங்களுக்கு உதவியும் செய்திருக்கிறார்.

1922 செப்டம்பர் 21. சரக்கு வண்டியைத் துரத்தியபோது ஸ்டீவ் லாசன் என்ற மாகாணப் போலீஸ்காரர் சுட்டதில் பிக்காரியெல்லோவின் மகனுக்குக் கையில் காயம். பையன் செத்துவிட்டான் என்று அப்பாவுக்குச் செய்தி. தன்னிடம் வேலை பார்த்தவரின் மனைவி, ஃப்ளாரன்ஸ் லாசாண்ட்ரோ என்ற 22 வயதுப் பெண்ணையும் காரில் ஏற்றிக்கொண்டு லாசனின் வாசலுக்குப் போனார். வாக்குவாதம், துப்பாக்கிச் சத்தம், லாசன் தன் சின்னப் பெண் கண் முன்னால் விழுந்தார். சுட்டது யார் என்பதில் இன்றும் சண்டை. இருவரையும் 1923 மே 2 அன்று தூக்கில் போட்டார்கள். ஆல்பர்ட்டாவில் தூக்கிலிடப்பட்ட ஒரே பெண் அவர்.

அதே வருடம் நவம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். 1924இல் ஓட்டல்களில் பீர் பார்லர்கள் திறந்தன. தூக்குக்கும் அந்த ஓட்டுக்கும் ஆறு மாதம்தான் வித்தியாசம்.

வெய்ன் போகிறவர்களுக்கு: பெட்ரோலை டிரம்ஹெல்லரிலேயே போட்டுவிடுங்கள். பாலங்களில் சிலவற்றை மாற்றும் வேலை நடந்ததாம், பிள்ளைகளிடம் 11 என்று அடித்துச் சொல்லாதீர்கள். சண்டைக்கு வருவார்கள்.