உரிமம் அப்பாவோடு முடிந்தது, துப்பாக்கி வீட்டில் இருந்தது

ஊரில் அப்பாவோ தாத்தாவோ உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், துக்க வீட்டில் அப்படித் தவித்திருக்க மாட்டேன்.

அப்பா மலையடிவாரத்தில் மூன்று ஏக்கரில் கடலை போட்டவர். காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால் போதும், விடிவதற்குள் வயல் ஏர் ஓட்டியதுபோல் கிடக்கும். அதற்காகவே ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, பன்றிகள் ஓடிவிடும். தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். அலமாரி காலியாக இருந்தால் தேர்தல் காலம் என்று சிறுவயதில் எங்களுக்குத் தெரியும்.

அவர் இறந்த எட்டாம் நாள் அம்மாதான் நினைவுபடுத்தினார். அலமாரியைத் திறந்ததும் என் மகன் குறுக்கே வந்து நின்றான். சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், இருந்து முடித்தவன். “யாரும் தொட வேண்டாம் அப்பா, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியாது” என்றான். சுடும் பயிற்சி முடிந்ததும் தன்னிடம் தோட்டாவோ வெற்று உறையோ இல்லை என்று அதிகாரியிடம் ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லிப் பழகியவன் அவன். சித்தப்பாவோ, “பரணில் போட்டுவிடு, யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார்.

நான் வாழும் நாட்டில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. பிறருக்குத் தீங்கு செய்யச் சுட்டால் மரண தண்டனை. அந்தப் பயத்தோடு 25 ஆண்டு வாழ்ந்த எனக்குப் பரண் என்ற சொல்லே நடுக்கம் தந்தது. இந்தியச் சட்டமும் இதில் விளையாட்டு இல்லை. உரிமம் ஆளின் பெயரில் இருப்பது, வீட்டின் பெயரில் இருப்பதன்று. அவர் கண்மூடியதும் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 21, தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம்.

காவல் நிலையத்துக்குப் போனால், “ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளை வாருங்கள்” என்றார்கள். மறுநாளும் அதே பதில். அப்போதுதான் அப்பாவின் நண்பர் ஒருவர் நகரத்திலிருக்கும் வியாபாரியின் எண்ணைக் கொடுத்தார். தொலைபேசியில் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்காது. “தம்பி, நீங்களாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். உங்களிடம் உரிமம் இல்லை.” இறப்புச் சான்றிதழ் நகலும் உரிமப் புத்தக நகலும் இணைத்து நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கச் சொன்னார். எழுத்தில் போனதும் வேலை நடந்தது. ஒரு காவலர் கூடவே வர, வாடகைக் காரில் கொண்டுபோனோம்.

கடை என்றதும் சுவர் முழுக்கத் துப்பாக்கிகளை நினைத்திருந்தேன். பார்த்தது ஒரு கம்பிக் கதவு, ஓர் இரும்பு அறை, மேசை நிறையப் பதிவேடுகள். அவர் குழலை மடக்கித் திறந்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். காலி. பிறகு இரும்பில் பொறித்திருந்த எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டார். தேய்ந்திருந்த ஓர் இலக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துத் துடைத்துப் படித்தார். தோட்டாப் பெட்டியில் மூன்று இருந்தன. உரிமப் புத்தகத்தின் பின்பக்கங்களில் அப்பா ஒவ்வொரு முறையும் வாங்கிய தோட்டாக்களின் எண்ணிக்கை தேதியுடனும் கடை முத்திரையுடனும் இருந்தது. விற்பவர் அப்படி எழுதித் தர வேண்டும். தன் பக்கம் வந்த துப்பாக்கி யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று அவரும் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். விற்பதற்கென்று அவருக்குத் தனி உரிமம். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் ஒரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். பொறுமையாக அவர் எழுதியதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தொழில்மீதே மரியாதை வந்தது.

நாங்கள் இருந்தபோதே ஓர் இளைஞர் புதுத் துப்பாக்கி விலை கேட்டு வந்தார். “முதலில் உரிமம், பிறகு கடை” என்று உட்காரவைத்து விளக்கினார். மாவட்டத்தில் ஆட்சியரிடம், பெருநகரில் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் விதிகள் வந்தபிறகு பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், பத்திரமாக வைக்க இடமிருப்பதற்கான உறுதிமொழி எல்லாம் வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாக்கியது. உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியதும் அதே திருத்தம்தான். தேவை என்ன என்று கேட்டபோது இளைஞரிடம் பதில் இல்லை. எழுந்து போய்விட்டார்.

எங்களுக்கு இருந்த வழிகள் இரண்டு. வாரிசு ஒருவர் தன் பெயரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால் அரசு பறிமுதல் செய்துகொள்ளும். நான் இன்று சிங்கப்பூர்க் குடிமகன். அம்மாவுக்கு அது வீட்டில் வேண்டவே வேண்டாம். வியாபாரி வழியாகவே, ஐந்து மாதம் கழித்து, பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் போனது. அவருக்கும் பன்றித் தொல்லைதான்.

சிங்கப்பூரில் இதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது. இங்கே போட்டிக்குச் சுடும் என் சக ஊழியர்கூடத் தன் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, சுடுதளத்தின் ஆயுதக் கிடங்கிலேயே அது இருக்கும். 2025 ஜூலை 1 முதல் துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புதிய கட்டுப்பாட்டுச் சட்டமே நடப்புக்கு வந்திருக்கிறது. கைத்துப்பாக்கி வடிவிலான சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோட்டாப் பெட்டியின் அடியில் வெடித்த தோட்டாவின் வெற்று உறை ஒன்று கிடந்தது. சிவப்புப் பிளாஸ்டிக், அடியில் பித்தளை வளையம் கறுத்திருந்தது. தாத்தாவின் நினைவாக எடுத்துக்கொள்ளலாமா என்று மகன் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான். சாங்கி விமான நிலையத்தில் பயணப் பெட்டியைத் திறந்து கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்தான். உரிமப் புத்தகத்தையும் ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். அதன் முதல் பக்கத்தில் முப்பத்தைந்து வயது அப்பா, படிய வாரிய தலையோடு, நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு புகைப்படம். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி புத்தகத்தை விளக்கின் கீழே நகர்த்தி வைத்து, “தம்பி, கைப்பேசியில் எடுத்துக்கொள்” என்று மகனிடம் சொன்னார்.