டிராஸ்டுஸுமாப் செலவைக் குறைக்க வழி உண்டா? (பெங்களூரு)

அல்சூர் ராதா: அம்மாவுக்கு 64 வயது, ஹெர்-2 பாசிடிவ் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக உள்ள) மார்பகப் புற்றுநோய். அதற்கான மருந்து டிராஸ்டுஸுமாப், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, அப்பாவின் பென்ஷன் மொத்தமும் அதற்கே போகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கண்ணன்: பில்லில் எந்த பிராண்ட் என்று பாருங்கள். நம்ம ஊர் பயோகான் கம்பெனி 2014லேயே பயோசிமிலர் (மூல மருந்துக்கு நிகரான வேறு கம்பெனி தயாரிப்பு) கொண்டுவந்தது, இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, விலை நன்றாகவே குறையும். ஆனால் டாக்டர் சொல்லாமல் மாற்றாதீர்கள்.

மாலதி: அப்புறம் மருந்துக் குப்பி (vial) கணக்கு. டோஸ் கிலோவுக்கு 6 மி.கி. என்றால் 60 கிலோவுக்கு 360, 440 மி.கி. குப்பியில் 80 மிஞ்சும், அதைக் கொட்டிவிடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். கூடவே வரும் பாக்டீரியோஸ்டாடிக் நீரில் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்த்த நீர்) கலக்கியிருந்தால் 2-8 டிகிரியில் 28 நாள் வைக்கலாம், அடுத்த ஊசிக்கு ஆகும். சாதாரண ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) நீரென்றால் வைக்கவே கூடாது. மருத்துவமனை பார்மசியிலேயே வைப்பதுதான் பத்திரம்.

ராதா: இதை யாருமே சொல்லவில்லை அக்கா! அம்மா 58 கிலோதான். நாளைக்கே கேட்கிறேன்.

சேகர்: வரியையும் விடாதீர்கள். பழைய வரி முறையில் இருந்தால், 60 தாண்டியவரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், இன்சூரன்ஸில் வந்த பணம் போக. நிபுணரின் மருந்துச்சீட்டை இப்போதே வாங்கி வையுங்கள்.